இருமல் மாறட்டும்

என்ரை அப்பா பஸ் கொண்டக்டர். இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் அந்த மனுசன்ரை குரலைப் பற்றித் தெரியாமல் மிச்சத்தைக் கேட்டுப் பிரயோசனமில்லை. யாழ்ப்பாணம் ரவுணிலை இருந்து காரைநகர் மட்டும் ஓடுற பஸ்ஸிலை, வாசல்படியிலை நிண்டு ஒரு குரல் வைச்சாரெண்டால் பின் சீற்றிலை நித்திரை கொள்ளுறவன் எழும்பி ரிக்கற் காசை நீட்டுவான். "இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ! இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ!" இடம் ஒரு சாணும் இராது. சனம் ஒருத்தற்றை காலிலை மற்றவர் நிண்டுகொண்டிருக்கும். எண்டாலும் அந்தக் குரலுக்கு எல்லாரும் எப்பிடியோ அரக்கி அரக்கி முன்னுக்குப் போவினம். வீட்டிலையும் அதே குரல்தான். ரகசியம் கதைக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அம்மாவோடை ஏதும் குசுகுசுத்தாரெண்டால் பக்கத்து வீட்டுக்காரரே வேலிக்கு அங்காலை நிண்டு மறுமொழி சொல்லுவினம்.

நான் கலியாணம் முடிச்சு ரொறன்ரோவுக்கு வந்தது எண்பதுகளின்ரை கடைசியிலை. வந்து கொஞ்சக் காலத்திலை ஊரிலை சண்டை பெருத்து, ஆமி பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. கறண்ட் இல்லை. பற்றரி, மண்ணெண்ணெய், மருந்து மாத்திரை ஒண்டும் ஒழுங்காய்ப் போகாது. கடிதம் போய்ச் சேர மாசக்கணக்காகும், சிலது போய்ச் சேரவே சேராது. நாங்கள் அப்ப வெக்ஸ்போர்ட்டிலை ஒரு உயரமான கட்டடத்திலை ஒரு அறை அப்பாட்மென்ற்றிலை இருந்தம். என்ரை மனுசன் ஒரு ஹோட்டல் குசினியிலை வேலை, நான் கேக் பக்ரறியிலை பெட்டி மடிக்கிற வேலை. முதல் பிள்ளை, மகள், அங்கைதான் பிறந்தவள். அப்பா அவளைக் கண்ணாலை கண்டதில்லை.

அந்தக் காலத்திலை எங்கடை ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது, கசெற் அனுப்புறது. வெறும் கசெற்றைப் போட்டு, றேடியோவைச் சுத்தி எல்லாரும் சப்பாணி கட்டி இருந்து கதைச்சுப் பதிஞ்சு, கொழும்புக்குப் போற ஆரிட்டையும் குடுத்துவிடுவம். கொழும்பிலை இருந்து இன்னொருத்தர் காவல் சாவடியெல்லாம் தாண்டி, வள்ளத்திலை கடல்நீரேரி தாண்டிக் கொண்டுபோவார். கறண்டும் இல்லை பற்றரியும் இல்லையெண்டால் அங்கை உள்ளவை அதை எப்பிடிக் கேக்கிறது எண்டு யோசிப்பியள். சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு ஒருத்தர் ஏறி இருந்து உழக்க வேணும். டைனமோ சுத்தும், அந்தக் கறண்டிலை கசெற் ஓடும். உழக்கிற ஆளுக்குக் களைச்சால் கதைக்கிற ஆளுக்கும் களைக்கும். கல்யாண வீட்டுச் சிரிப்புக்கூட இழுபட்டு ஒப்பாரி மாதிரிக் கேக்கும் எண்டு தங்கச்சி எழுதியிருந்தாள்.

கசெற்றிலை ஒரு சட்டமும் இருந்தது. ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். நல்லதை மட்டும் கதைக்கிறது. இங்கை இருந்து போற கசெற்றிலை ஒருத்தருக்கும் வேலை போகாது, ஒருத்தரும் பனியிலை சறுக்கி விழமாட்டினம். அங்கை இருந்து வாற கசெற்றிலை ஒருத்தருக்கும் காய்ச்சல் வராது. ஒருக்கால் தங்கச்சி கதைச்சுக்கொண்டிருக்கேக்கை பின்னாலை 'தொம்' எண்டு ஒரு சத்தம். மூச்சு விடாமல் சொல்லுறாள், "அது ஒண்டுமில்லை அக்கா, பக்கத்து வீட்டிலை மா இடிக்கினம்." யன்னல் நிலையெல்லாம் கிடுகிடுக்க எந்த வீட்டிலையடி மா இடிக்கிறது? எனக்கு விளங்கினது, அவளுக்கும் எனக்கு விளங்குமெண்டு விளங்கினது. எண்டாலும் சட்டம் சட்டம்தான்.

மகளின்ரை படங்கள் நிறைய அனுப்பியிருந்தன். அப்பா ஒரு கடிதத்திலை எழுதினார்: படம் வந்தது, பிள்ளை வடிவாய் இருக்கிறாள், ஆனால் படம் கதைக்குதில்லை. பிள்ளையின்ரை குரலைக் கசெற்றிலை அனுப்பு, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். வாழ்நாள் முழுக்க ஒண்டும் கேக்காத மனுசன். நான் முதல் சம்பளத்திலை சேட்டுத் துணி அனுப்பினதுக்கே "உனக்கென்ன விசரோ, அந்தக் காசுக்கு நல்ல சப்பாத்து வேண்டிப் போடு" எண்டு ஏசினவர். அந்த மனுசன் வாய் திறந்து கேட்டது இது ஒண்டைத்தான். எனக்கு அது மனசிலை முள்ளுமாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது.

மகளுக்கு அப்ப மூண்டு வயசு ஆகப் போகுது. கதைக்கத் தொடங்கிக் கதைச்சே கொல்லுற வயசு. 'அம்மப்பா, சுகமோ' எண்டு எல்லாப் பிள்ளையளும்தான் சொல்லும். எனக்கு அப்பா கதிரையாலை துள்ளி எழும்ப வேணும். ஆனபடியால் நான் அவளுக்குப் பழக்கினது, "இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ!" அதை அவள் பிடிச்ச பிடி! குளிக்கேக்கை கத்துவாள், சாப்பிடேக்கை கத்துவாள். ஒருநாள் வேலையாலை வரேக்கை பராமரிப்பு வீட்டிலை இருந்து அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலை வாறன். சரியான சனம். என்ரை இடுப்பிலை இருந்துகொண்டு திடீரெண்டு, "இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ!" வெள்ளைக்கார டிறைவர் கண்ணாடியிலை பார்க்கிறான். பின்னுக்கு நிண்ட எங்கடை அண்ணை ஒருத்தர், பாவம், தன்னை அறியாமல் ரண்டடி முன்னுக்கு வந்திட்டார். பிறகு அவரும் சிரிச்சு, நானும் சிரிச்சு, கண்ணாலை தண்ணி வந்திட்டுது. அண்டைக்கு நினைச்சன், அப்பா, உங்களுக்கு இது போதும்.

அந்தப் பனிக்காலத்திலை எங்களுக்குக் கிட்ட, வோபர்னிலை இருந்த ஒரு அன்ரி தாயைப் பார்க்கக் கொழும்புக்குப் போக ஆயத்தமானா. தாய்க்கு வருத்தமெண்டபடியால் திடீர்ப் பயணம், திங்கள் பறக்கிறா. ஞாயிறு மத்தியானம் வந்து கசெற்றை எடுத்துக்கொண்டு போவன் எண்டு சொன்னா. யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கை ஒரு நம்பிக்கையான ஆளும் இருக்காம். இப்பிடி ஒரு வசதி கிடைக்கிறது லேசில்லை. சனிக்கிழமை பதியிறதெண்டு முடிவு. நான் மகளுக்குப் புதுச் சட்டை கூட எடுத்து வைச்சன். கசெற்றிலை சட்டை தெரியுமோ எண்டு மனுசன் பகிடி பண்ணினார்.

வியாழன் அவளுக்குத் தடிமன் தொடங்கினது. மூக்காலை ஓடுது, கொஞ்சம் காய்ச்சல் காயுது. ஆருக்குத்தான் பனிக்காலத்திலை தடிமன் வராது? மல்லித்தண்ணி அவிச்சுக் குடுத்தன். நெஞ்சுக்கும் உள்ளங்காலுக்கும் தைலம் தடவினன். மேலை மேலை சுவெற்றர் போட்டு, யன்னல் இடுக்கெல்லாம் பழைய துணி அடைச்சு, ஹீற்றரைக் கூட்டி, வீட்டை இட்டலிச் சட்டி ஆக்கிப்போட்டன். குளிர்காத்து படக்கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம். சனி காலமை குரல் கொஞ்சம் அடைச்சிருந்தது. பின்னேரம் நித்திரையாலை எழும்பட்டும், பதிவம் எண்டு விட்டம்.

பின்னேரம் எனக்குக் கேட்டது ஒரு நாய் குரைக்கிற சத்தம். இந்தக் கட்டடத்திலை நாய் வளர்க்க விடமாட்டினமே எண்டு நினைச்சுக்கொண்டு அறைக்குள்ளை போறன், என்ரை பிள்ளை கட்டில்லை எழும்பி இருந்து குரைக்குது. இருமலெண்டே சொல்லேலாது. வறண்ட, முரட்டுக் குரைப்பு. இருமி முடிச்சு மூச்சை உள்ளுக்கு இழுக்கேக்கை 'கீ' எண்டு ஒரு சத்தம், துருப்பிடிச்ச கதவைத் திறக்கிற மாதிரி. இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி பள்ளமாய் உள்ளுக்குப் போகுது. அவள் என்னைப் பார்த்த பார்வையிருக்கே, அம்மா ஏதாவது செய் எண்டு.

மனுசன் தண்ணியைக் கொதிக்க வைச்சு, துவாயாலை மூடி ஆவி பிடிக்கப் பார்த்தார். அவள் பயந்து கத்தினாள். கத்தக் கத்த மூச்சு இன்னும் இறுகினது. "விடுங்கோப்பா, பிள்ளை சாகப்போகுது!" எண்டு நான் அவரைத் தள்ளி, ரக்சிக்குப் போன் அடிச்சு, கம்பளியாலை அவளைச் சுத்தித் தூக்கிக்கொண்டு கீழை ஓடினம். வெளியிலை மூக்கு விறைக்கிற குளிர். ரக்சி வந்து சேர மட்டும் கட்டட வாசல்லை நிக்கிறம். மனுசன் அவளின்ரை முகத்தைக் கம்பளியாலை மூடுறார், அவள் இழுத்து எறியிறாள். திரும்ப மூடுறார், திரும்ப எறியிறாள். கொஞ்ச நேரத்தாலை பார்த்தால் அந்தக் 'கீ' சத்தம் குறைஞ்சிருக்கு. தொண்டைக்குழி அவ்வளவு உள்ளுக்குப் போகேல்லை. பனியைக் கையாலை பிடிக்கப் பார்க்கிறாள். நாங்கள் ரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம், ஒண்டும் விளங்கேல்லை.

ஆசுப்பத்திரியிலை ஒரு பொம்பிளை டொக்டர். அவ கேட்ட முதல் கேள்வி, வெளியிலை குளிருக்குள்ளை வந்த உடனை கொஞ்சம் சுகமானதோ எண்டு. ஓம் எண்டம். சிரிச்சா. இதுக்குக் குறூப் எண்டு பேர். சாதாரண தடிமன் கிருமிதான், ஆனால் சின்னப் பிள்ளையளிலை குரல்வளைக்குக் கீழை மூச்சுக்குழாய் வீங்கிப் போகும். என்ரை மனுசன் மகளுக்கு வேண்டிக் குடுத்த யூஸ் பெட்டியின்ரை ஸ்ரோவை எடுத்து நடுவிலை கிள்ளிக் காட்டினா. "பெரிய ஆக்களின்ரை குழாய் அகலம், கொஞ்சம் வீங்கினாலும் தெரியாது. பிள்ளையின்ரை குழாய் இவ்வளவுதான். கொஞ்சம் வீங்கினாலே பாதி போயிடும். அழுதால் இன்னும் ஒடுங்கும். குளிர்காத்து வீக்கத்தைக் கொஞ்சம் வத்தப் பண்ணும்." நாங்கள் யன்னலுக்குத் துணி அடைச்சதை நான் அவவுக்குச் சொல்லேல்லை. மருந்து குடுத்து, ஈரப்புகை பிடிக்க வைச்சு, கன நேரம் வைச்சுப் பார்த்துத்தான் விட்டவை. உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் இருக்கும், வீட்டிலை இருமினால் பயப்பிடாதேங்கோ எண்டா.

போகேக்கை இன்னொண்டு கேட்டா. குடும்பத்திலை ஆருக்கும் தொய்வு, முட்டு, அதுதான் ஆஸ்துமா, இருக்கோ? மனுசன் தன்ரை பக்கத்தை யோசிச்சு இல்லையெண்டார். நானும் யோசிச்சன். அப்பா, அந்த மனுசனுக்கு நெஞ்சு வெண்கலமெல்லோ. இல்லையெண்டன். அது பொய்யில்லை, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

ஞாயிறு காலமை மகள் எழும்பி ஓடித் திரியிறாள். காய்ச்சல் இல்லை. நான் கசெற்றைப் போட்டு அமத்தினன். "சொல்லு பிள்ளை." அவள் கதிரையிலை ஏறி நிண்டு, முழுப் பெலத்தோடை, "இட..." பிறகு குரைப்பு. "முன்..." பிறகு குரைப்பு. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு நெஞ்சு பதறுது. திருப்பிப் போட்டுக் கேட்டால் நேரிலை கேட்டதைவிட மோசம். பெட்டிக்குள்ளை இருந்து ஆரோ கிழவன் உயிர் போகேக்கை இருமுற மாதிரி இருக்கு. மனுசன் சொன்னார், "உதை அனுப்பேலாதப்பா." அந்த நேரம் அன்ரியும் வந்திட்டா. சப்பாத்தைக் கழட்டாமல் வாசல்லை நிண்டபடியே கேட்டுப்போட்டு இரண்டு கையாலையும் காதைப் பொத்தினா.

"ஐயோ பிள்ளை, உதைக் கேட்டாரெண்டால் கொப்பர் உயிரை விட்டிடுவார். பிள்ளைக்கு என்னமோ ஏதோ எண்டு அந்தரப்பட்டு, போனும் இல்லாத ஊரிலை ஆரிட்டைப் போய்க் கேப்பார்? இருமல் மாறட்டும். பிறகு போற ஆரிட்டையும் குடுக்கலாம்தானே."

சரியாய்த்தான் சொன்னா. இண்டைக்கு நீங்கள் ஆரைக் கேட்டாலும், அந்தக் காலத்து ஆள் எண்டால், அதைத்தான் சொல்லுவினம். வருத்தத்தைக் கடல் தாண்டி அனுப்புற வழக்கம் எங்களிட்டை இல்லை. எண்டாலும் வெறுங்கையோடை அவவை அனுப்ப மனம் வரேல்லை. மகளை அறைக்குள்ளை விளையாட்டுச் சாமானோடை இருத்தி, கதவைச் சாத்தி, கீழ் இடுக்கிலை துவாயையும் அடைச்சுப்போட்டு, அன்ரி நிக்க நிக்க நானும் மனுசனும் மாறி மாறிக் கதைச்சுப் பதிஞ்சம். நாங்கள் நல்ல சுகம். இங்கை நல்ல பனி, பார்க்க வடிவு. இவருக்கு வேலை நல்லாப் போகுது. "பிள்ளை இப்ப நித்திரை அப்பா. எழுப்பினால் அழுவாள். அடுத்த முறை உங்களோடை கதைப்பாள், ஒரு சாமானும் சொல்லுவாள், கேட்டால் சிரிப்பியள்." திருப்பிப் போட்டுப் பார்க்கவும் நேரமில்லை. அன்ரி கைப்பைக்குள்ளை போட்டுக்கொண்டு போட்டா.

மகளுக்கு இருமல் அடுத்த கிழமையே மாறிப்போச்சுது. குரல் மணி மாதிரி வந்தது. புது கசெற் ஒண்டு போட்டு வடிவாய்ப் பதிஞ்சன். "இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ!" ஒரு பிசிறில்லை. கடைசியிலை அவள் தானாய் "றைற்!" எண்டும் சொன்னாள். அதை உறையிலை போட்டு ஒட்டி, போற ஆக்களைத் தேடத் தொடங்கினன். ஒருத்தர் போறார் எண்டு போய்ப் பார்த்தால் அவருக்கு விசா சரிவரேல்லை. இன்னொருத்தர் கசெற் எண்டாலே காவல் சாவடியிலை பிரச்சினை, நான் கொண்டுபோகமாட்டன் எண்டிட்டார். அப்பாவிட்டை இருந்து கடிதமும் இல்லை, கசெற்றும் இல்லை. எனக்குக் கோவம்கூட வந்தது. நான் கஸ்ரப்பட்டு அனுப்பினன், கிடைச்சதெண்டு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ எண்டு மனுசனிட்டைப் புறுபுறுத்தன்.

பனி கரைஞ்சு, மரமெல்லாம் குருத்து விடுற நேரத்திலை கொழும்பிலை இருந்து சித்தப்பா போன் எடுத்தார். அப்பா போட்டாராம். மாரடைப்பு, சடுதியா, ஒரு வருத்தமும் கிடக்கேல்லை, புண்ணியம் செய்த மனுசன் எண்டார். செத்து எல்லாம் முடிஞ்சு கனநாள் ஆகித்தான் அந்தச் செய்தியே கொழும்புக்கு வந்திருக்கு. அந்த உறை மேசை மேலை கிடந்தது. நான் அதைத் தூக்கி மேசை லாச்சிக்குள்ளை போட்டன். அழுதன், குழறினன். பிறகு சனமெல்லாம் வந்து சொன்ன மாதிரி நானும் எனக்குச் சொல்லிக்கொண்டன், கஸ்ரப்படாமல் போட்டார், அது காணும்.

மகளுக்கு அதோடை வருத்தம் விடேல்லை. குறூப் பிறகு வரேல்லை, ஆனால் ஒவ்வொரு பனிக்காலமும் தடிமன் பிடிச்சால் நேரை நெஞ்சுக்குள்ளை இறங்கும். மூச்சை வெளியிலை விடேக்கை 'ஙொய்' எண்டு இழுக்கும். வளர வளர ஒடுக்கம் தொண்டையிலை இருந்து கீழை இறங்கி, நெஞ்சுக்குள்ளை இருக்கிற சின்னக் குழாயளிலை வருகுது எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினார். மூச்சோடை உள்ளுக்கு இழுக்கிற மருந்து, பஃபர் தந்து, அதைப் போட்டு அடிக்க ஒரு பிளாஸ்ரிக் குழாயும் தந்தார். ஒவ்வொரு முறையும் குடும்பத்திலை ஆருக்கும் இருக்கோ எண்டு கேப்பார். நானும் ஒவ்வொரு முறையும் இல்லையெண்டு சொல்லுவன்.

தங்கச்சி கனடாவுக்கு வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின்ரை கடைசியிலை. நாங்கள் அப்ப ரொறன்ரோவுக்கு வெளியிலை, விட்பியிலை புதுசாய்க் கட்டின வீடு ஒண்டு வேண்டிக்கொண்டு போயிருந்தம். வேலைக்குப் போய் வாறதிலேயே பாதிச் சீவியம் போகும், ஆனால் அறையள் இருந்தது, தங்கச்சிக்கு ஒரு அறை குடுக்கக் கூடியதாய் இருந்தது. வந்த கொஞ்ச நாளிலை குளிர் தொடங்கினது, மகளுக்கும் தடிமன் தொடங்கினது. பள்ளிக்கூடத்தாலை வந்து குசினி மேசையிலை இருந்து, தோள் ரண்டையும் தூக்கித் தூக்கி மூச்சு விடுறாள். இழுப்பு எங்களுக்கு வடிவாய்க் கேக்குது. நான் பழக்கப்பட்ட ஆள், பஃபரைக் குலுக்கிக்கொண்டு வாறன். தங்கச்சி கையிலை வைச்சிருந்த தேத்தண்ணியை அப்பிடியே மேசையிலை வைச்சாள்.

"அக்கா, அப்பாவுக்கும் உப்பிடித்தான்."

"என்ன உப்பிடித்தான்?"

"உந்தச் சத்தம்தான். தொய்வு. நீ போன பிறகு வந்தது. தடிமன் பிடிச்சால் மாசக்கணக்கிலை இழுக்கும். மருந்தும் இல்லை. கடைசியாய் மார்கழிப் பனிக்கு வந்த இழுப்பு பிறகு மாறவேயில்லை."

"மாரடைப்பெண்டெல்லோ சொன்னனீங்கள்."

"உனக்கு வேறை என்னெண்டு சொல்லச் சொல்லுறாய்?" எண்டாள். அவளுக்கும் கோவம் வந்திட்டுது. "தூரத்திலை இருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ எண்டு அவர்தான் சத்தியம் வாங்கினவர்."

அவளைப் பிடிச்சு ஏசவேணும் போலை இருந்தது. இத்தனை வருசமாய் டொக்டருக்கு நான் இல்லை, இல்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் நினைவிலை வந்தது. ஆனால் என்னத்தைச் சொல்லி ஏசுறது? பிள்ளை நித்திரை எண்டு பதிஞ்சு அனுப்பின வாய்தானே இதுவும். மகளுக்குப் பஃபரை அடிச்சு, மூச்சை இழு, பிடி, விடு எண்டு சொல்லிக்கொண்டே கேட்டன், "நாங்கள் அனுப்பின கசெற் கிடைச்சதோ? ஒரு மறுமொழியும் வரேல்லையே."

"கிடைச்சது. அவர் மறுமொழி பதியத்தான் நிண்டவர். அந்த இழுப்போடை எப்பிடிப் பதியிறது? பேத்திக்குத் தன்ரை குரலிலை 'இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ' சொல்லவேணும் எண்டு ஒரே பிடி. ஒவ்வொரு நாளும் பின்னேரம் முத்தத்திலை நிண்டு சொல்லிப் பார்ப்பார். 'இடமிருக்கு' மட்டும் வரும். பிறகு இரைக்கும். 'இண்டைக்கு நெஞ்சு சரியில்லை பிள்ளை, நாளைக்குப் பார்ப்பம்' எண்டு போய் இருப்பார்."

அவரும் இருமல் மாறட்டும் எண்டு இருந்திருக்கிறார்.

தங்கச்சி மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், சொல்லலாமோ எண்டு கேக்கிற மாதிரி. "சொல்லடி, இனி ஒளிச்சு என்ன?" எண்டன்.

"உங்கடை கசெற்றிலை நீ 'பிள்ளை நித்திரை' எண்டு சொல்லுறாய். சொல்லி முடிய, பின்னாலை, தூரத்திலை, ஒரு இருமல் கேக்கும். எங்கையோ நாய் குரைக்கிற மாதிரி. நாங்கள் ஒருத்தரும் அதைக் கவனிக்கேல்லை. அப்பாதான் பிடிச்சவர். 'பொறு, பொறு, திருப்பிப் போடு' எண்டார். நான் சைக்கிளிலை இருந்து உழக்கிறன். திருப்பிப் போட்டுக் கேட்டுப்போட்டு, 'உது பிள்ளையடி!' எண்டார். அம்மா பயந்து போனா, பிள்ளைக்கு என்ன வருத்தமோ எண்டு. அவர் சிரிக்கிறார், அக்கா. 'சத்தத்தைப் பார், என்ன சத்தம்! கதவைச் சாத்தியிருப்பினம், அப்பிடியும் கேக்குது. என்ரை குரல்தான்!' எண்டு அயலுக்கெல்லாம் சொன்னவர். அதுக்குப் பிறகு அந்தச் சைக்கிளை ஒருத்தரையும் எடுக்க விடேல்லை. ஸ்ராண்டிலையே நிண்டது. ஒவ்வொரு நாளும், 'உழக்கு பிள்ளை, அந்த இருமலைப் போடு' எண்டு கேப்பார். தனக்கு மூச்சு வாங்கேக்கையும் அதைத்தான் கேட்டவர்."

மகள் குழாயை வாயாலை எடுத்துப்போட்டு, எங்கள் ரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நல்லா விளங்கும், கதைக்கேக்கைதான் இங்கிலிஷ் வரும்.

"வெயிற். ஸோ அம்மப்பா என்ரை குரலைக் கேட்டவரோ?"

"இருமலைத்தான் கேட்டவர்" எண்டாள் தங்கச்சி.

"தட்ஸ் மீ, தானே" எண்டாள் மகள். அவ்வளவுதான். திரும்பக் குழாயை வாயிலை வைச்சுக்கொண்டு ரி.வி. பார்க்கப் போட்டாள்.

அவள் சொன்னது சரி. அதிலை எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருக்கு, இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். ஆனால் மனம் ஆறுதில்லை. அண்டைக்குக் கதிரையிலை ஏறி நிண்டு 'இட' எண்டு தொடங்கிக் குரைச்சாளே, அதை நாங்கள் அழிச்சு, அதுக்கு மேலேதான் பனி வடிவெண்டு பதிஞ்சம். அவர் அதைக் கேட்டிருந்தால் அன்ரி சொன்ன மாதிரி உயிரை விட்டிருக்கமாட்டார். சைக்கிளிலை தானே ஏறி உழக்கியிருப்பார். பாதிச் சொல்லும் இருமலுமாய் அவரும் ஒண்டு பதிஞ்சு அனுப்பியிருப்பார், என்ரை பிள்ளைக்கும் அவற்றை குரல் எப்பிடியெண்டு தெரிஞ்சிருக்கும். இப்ப அவளுக்கு அம்மப்பாவெண்டால் ஒரு படம்தான். படம் கதைக்காது.

அந்த மற்றக் கசெற், ஒரு பிசிறும் இல்லாத வடிவான குரல் இருக்கிறது, வெக்ஸ்போர்ட் லாச்சியிலை இருந்து விட்பி லாச்சிக்கு வந்து இப்பவும் ஒட்டின உறைக்குள்ளைதான் கிடக்கு. அதை ஒருத்தரும் போட்டுக் கேட்டதில்லை.